துப்பாக்கி விலை ஏற நான் வைத்த நேர்த்தி

ஒரு துப்பாக்கியின் விலை ஏற வேண்டும் என்று கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தவள் இந்த மொன்றியலில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஐயர் வழக்கம்போலப் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்டார். இவருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். என்ன காரியம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. பிள்ளையாரப்பா, லவாலில் இருக்கிற அந்த அநியாய விலைக்காரன் வருகிற சனிக்கிழமைக்குள் இன்னும் நூறு டொலர் ஏற்றிவிட வேண்டும், ஏற்றினால் உனக்கு நூற்றெட்டு மோதகம் அவிப்பேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பிள்ளைகளின் சோதனைக்கும் வீடு வாங்குவதற்கும் கேட்டிருப்பார்கள்.

இவர் என்று நான் சொல்வது என் கணவரை. பெயர் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை.

இவர் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்தவர். கப்பலில் வந்து இறங்குகிற கொள்கலன்களைத் திறந்து பெட்டி இறக்குகிற வேலை. ஒருநாள் ஒரு பெட்டி சரிந்து நாரியில், இடுப்பு முதுகில் விழுந்தது. ஆஸ்பத்திரி, ஊசி, நாரிப்பட்டி எல்லாம் முடிந்து திரும்பிப் போனபோது அவருடைய இடத்தில் வேறு ஆள் நின்றான். அதற்குப் பிறகு பியர்பொன்ட்ஸில் எங்கள் வீட்டு நிலவறையில் போய் இருந்தவர்தான். மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள். நான் ஒரு கார்டெரியில், பிள்ளைகள் காப்பகத்தில், நாற்பது சின்னப் பிள்ளைகளுக்குச் சமைக்கிறேன். காலையில் நான் வெளிக்கிடும்போது ரிவிக்கு முன்னால் எந்தக் கதிரையில் இருந்தாரோ, பின்னேரம் வரும்போதும் அதே கதிரையில் இருப்பார். வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆடை படிந்து கிடக்கும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "என்ன, கதிரையோடை ஒட்டிப் பிடிச்சிட்டியளோ?" என்று நின்ற நிலையிலேயே பேசியிருக்கிறேன். அதற்கும் ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை அப்போது நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் என் நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும்.

எங்கள் வீட்டுக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். களஞ்சியத்தில் இவரோடு வேலை செய்த கியூபெக்காரர்கள் ஒவ்வொரு இலையுதிர்காலமும் பெரிய மான் வேட்டைக்கு வடக்கே போவார்கள். இவரையும் கூப்பிட்டார்கள். கூட்டத்தோடு கூட்டமாக நிற்க வேண்டும் என்று இவரும் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, துப்பாக்கி உரிமம் எடுத்தார். இரண்டு தடவை போனார். ஒரு வெடி வைத்ததில்லை. அவர்கள் சுட்ட மானின் இறைச்சிக்குச் சரக்குத்தூள் போட்டுக் கறி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அந்த உரிமத்துக்கான படிவத்தில் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். படித்துப் பார்த்தேனா என்றால், இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் அகதி வழக்கு, பொறுப்பு நிற்பது, வீட்டுக் கடன், ஆஸ்பத்திரி என்று எத்தனை படிவம்! இவர் பக்கத்தைப் பிரித்து, "இதிலை ஒண்டு, இந்தா இதிலை ஒண்டு" என்று விரலை வைப்பார். அவர் வைத்த விரலுக்குப் பக்கத்தில் நான் போடுவேன். பிறகு எல்லாவற்றையும் கொப்பி எடுத்து ஃபைலில் செருகுவார். எங்கள் ஆட்களின் வீட்டில் சோறு இல்லாமல் இருந்தாலும் இருக்கும், ஃபைல் இல்லாமல் இராது.

அந்தக் கோடை முடிகிற நேரம் செய்தியில் புதிய துப்பாக்கிச் சட்டம் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். வேட்டைத் துப்பாக்கிகளிலும் சில வகைகளை இனி விற்கவும் வாங்கவும் விடமாட்டார்களாம். வரும் என்றார்கள், வராது என்றார்கள், பட்டியல் மாறும் என்றார்கள். கடை வாசல்களில் ஆட்கள் வரிசையில் நிற்பதை ரிவியில் காட்டினார்கள். அன்று பின்னேரம் நான் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, இவர் நிலவறையிலிருந்து படியேறி மேலே வந்து நின்றார்.

"தடை வரப்போகுதாம்" என்றார்.

கண்ணில் ஒரு வெளிச்சம். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த மனுசன் தானாக எழும்பி வந்து என்னோடு ஒரு கதை கதைக்கிறார்! எனக்குச் சந்தோசத்தில் அழுகை வந்தது.

தடை என்ற சொல்லை எங்கள் வயது ஆட்களின் காதில் போடக்கூடாது. ஊரில் பொருளாதாரத் தடை இருந்தபோது சவுக்காரத்துக்கும் மெழுகுதிரிக்கும் ரோச் பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாயாக அலைந்தவர்கள் நாங்கள். காலையில் ஒரு விலை, மத்தியானம் ஒரு விலை. கொரோனா வந்தபோது இவர் எட்டு மூட்டை அரிசியும் ஒரு பெட்டி நிறையப் பனடோலும் வாங்கி அடுக்கினார். இரண்டு பேருக்கு எட்டு மூட்டை! ஒரு சாமான் இனிக் கிடைக்காது என்று கேட்டால் போதும், அது தேவையா இல்லையா என்று எங்களுக்கு யோசிக்க வராது, கால் கடைக்குப் போய்விடும்.

அதனால்தான், ஐயோ, நானே வாயைத் திறந்து சொன்னேன்: "வாங்கிறதெண்டா இப்பவே போய் வாங்குங்கோ. பேந்து ரெண்டு மடங்கு விப்பாங்கள்."

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை முகம் வழித்து, நல்ல சேர்ட் போட்டு, காரை எடுத்துக்கொண்டு லவாலில் இருக்கிற அந்த வேட்டைச் சாமான் கடைக்குப் போனார். இரண்டு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கை வெறுங்கை. ஆனால் வாயில் கதை இருந்தது.

அவர் பார்த்துவைத்தது ஒரு பழைய ரஷ்யத் துப்பாக்கி. எப்போதோ பட்டாளத்துக்கென்று செய்தவற்றைக் கிறீஸ் பூசிப் பெட்டி பெட்டியாக இங்கே கொண்டுவந்து மலிவாக விற்பார்களாம். முந்நூறு டொலருக்கு ஒருவரும் திரும்பிப் பாராமல் மூலையில் கிடந்த சாமான். சட்டம் வருகிறது என்றதும் கடைக்காரன் அதை நானூற்றைம்பதாக்கியிருந்தான். இவருக்கு அந்தத் துப்பாக்கியை நன்றாகத் தெரியும். ஊரில் காவலரணில் அதை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு முன்னால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஆள். அதை ஏன் போய்த் தெரிந்தெடுத்தார் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

"நானூத்தைம்பது குடுக்க எனக்கென்ன விசரே? வாற கிழமை குறைப்பான்" என்றார்.

அடுத்த கிழமை அறுநூறு. அதற்கு அடுத்த கிழமை எழுநூற்றெண்பது. பழைய விலைத்துண்டுக்கு மேலேயே புதுத் துண்டை ஒட்டுகிறானாம். துப்பாக்கிக்குப் போடுகிற ரவைப் பெட்டியும் இரட்டிப்பு விலை, அதுவும் ஆளுக்கு இரண்டு பெட்டிதானாம். "கொள்ளைக்காரன், நாசமறுப்பான்" என்று இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். இவர் அநியாய விலை கொடுக்கிற மனுசன் இல்லை. கறிமிளகாய்க்கு ஒரு டொலர் கூடச் சொன்னாலும் கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளிக்கிடுவார். எனக்கு அது விளையாட்டாக இருந்தது. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மனுசன் குளித்து வெளிக்கிட்டு வெளியே போய் வருகிறாரே, அது போதும் என்று இருந்தேன்.

இலை கொட்டத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல், "இஞ்சை வா" என்று என்னை நிலவறைக்குக் கூப்பிட்டார். குளிர் தொடங்க முதல் வெளிக்குழாய்க்குப் போகிற தண்ணீரை எங்கே பூட்ட வேண்டும் என்று காட்டினார். வீட்டைச் சூடாக்குகிற மெசினின் வடிகட்டியை எந்தப் பக்கம் பார்த்துச் செருக வேண்டும் என்று காட்டினார். மின்சாரப் பெட்டியில் எந்த ஆளி எந்த அறைக்கு என்று சின்னச் சின்னத் துண்டில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். காரின் பனிக்காலச் சில்லுகளை எந்தக் கராஜ்காரன் வைத்திருக்கிறான், வீட்டுக் காப்புறுதிக்கு யாரோடு கதைக்க வேண்டும், எல்லாம் ஃபைலில் முன்னுக்கு எடுத்து வைத்திருந்தார்.

"இதெல்லாம் இப்ப எனக்கேன்?" என்றேன்.

"உனக்கும் தெரிஞ்சிருக்கத்தானே வேணும்."

முப்பத்தொரு வருடத்தில் ஒரு மின்குமிழ் மாற்ற என்னை விடாத மனுசன். அன்று பின்னேரம் மகளோடு முக்கால் மணித்தியாலம் போனில் கதைத்தார். வழக்கமாக "சாப்பிட்டியா, சரி, அம்மாவோடை கதை" என்று போனை என்னிடம் தருகிறவர். மகள் பிறகு எனக்குப் போன் எடுத்து, "அப்பா இண்டைக்கு நல்ல சந்தோசமா இருக்கிறார் அம்மா" என்றாள். நான் ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில், சோற்றைப் பிசைந்துகொண்டே, கறிக்கு உப்புக் காணாது என்று சொல்கிற குரலில் சொன்னார்: "அந்தப் பெட்டி நாரியிலை விழாமல் தலையிலை விழுந்திருந்தா எல்லாருக்கும் லேசா முடிஞ்சிருக்கும்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் வெளித்தது. இந்த மனுசன் துப்பாக்கி தேடுவது மானுக்கு இல்லை.

"உந்தச் சனியன் எங்கடை வீட்டுக்கு வேண்டாம்" என்றேன்.

"வாங்கி வைச்சா விலை ஏறும். வித்தா லாபம்."

"தடை வந்தாப்பிறகு ஆருக்கு விக்கப்போறியள்?"

கையைக் கழுவிவிட்டுக் கீழே போய்விட்டார். அதற்குப் பிறகு கார்டெரியில் பட்டாணி அவிக்கும்போதும் என் கண் மணிக்கூட்டில் இருந்தது. மத்தியானம் ஒருதரம், இரண்டு மணிக்கு ஒருதரம் வீட்டுக்குப் போன் எடுப்பேன். அவர் எடுக்கும்வரை மணி அடிக்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வரும். எடுத்ததும் பயத்தில் எரிந்து விழுவேன்: "எங்கை போனனீங்கள், போன் எடுக்க இவ்வளவு நேரமோ?" வெங்காயம் இருக்கிறதா என்று கேட்கத்தான் எடுத்தேன் என்று பொய் சொல்வேன். அந்த மாதம் எங்கள் வீட்டு வெங்காயத்தை நான் விசாரித்ததுபோல வேறு யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இருந்த ஒரே பிடி அந்தக் கடைக்காரன்தான். இவர் அநியாய விலை கொடுக்கமாட்டார், அவன் அநியாய விலையை விடமாட்டான். அவன் ஏற்றிக்கொண்டு போகும்வரை என் மனுசன் வெறுங்கையோடு வீட்டுக்கு வருவார். சனிக்கிழமைகளில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டதும் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அவருடைய கையைப் பார்ப்பேன். கை வெறுமையாக இருந்தால்தான் மூச்சு வரும். "எவ்வளவாம்?" "எண்ணூத்தைம்பது." "கட்டையிலை போவான்!" என்று வாயால் திட்டுவேன். மனதுக்குள், ஏற்றடா ராசா, இன்னும் ஏற்று என்று அவனைக் கும்பிடுவேன். அப்படித்தான் அந்த அர்ச்சனையும் நேர்த்தியும்.

அர்ச்சனை செய்த அந்தக் கிழமை இவர் கடையிலிருந்து வந்தபோதும் கை வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது.

"குறைக்கிறானாம்" என்றார். "தடை வந்தா சரக்குக் கையோடை நிண்டுபோம் எண்டு அவனுக்கும் பயம் பிடிச்சிட்டுது. ஒவ்வொரு கிழமையும் வாறனீ, உனக்கு எண்டபடியால் பழைய விலைக்குத் தாறன், வாற சனிக்கிழமை வா எண்டவன்."

பாவி! ஊரையே கொள்ளையடித்தவன், என் வீட்டு வாசலில் வந்துதானா நல்லவனாக வேண்டும்?

திங்கட்கிழமை இவர் குளிக்கப்போன நேரம் ஃபைலை எடுத்தேன். அந்தப் படிவத்தின் கொப்பியைத் தேடி, என் கையெழுத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று முதல்முறையாக வாசித்தேன். கணவனோ மனைவியோ துப்பாக்கி வைத்திருப்பது பற்றி உங்களுக்குப் பயம் ஏதும் இருந்தால் இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று அச்சடித்து, எண்ணும் போட்டிருந்தது. இத்தனை வருடமாக என் கையெழுத்துக்குக் கீழேயே கிடந்திருக்கிறது.

ஆனால் எப்படி அழைப்பது? இவருடைய அண்ணையை ஊரில் பட்டாளக்காரரின் ஒரு சுற்றிவளைப்பில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆண்களை எல்லாம் வரிசையில் விட, சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து பார்த்தான். தலையாட்டி என்போம். அவன் அண்ணையைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அண்ணை திரும்பி வரவில்லை. வரிசையில் அடுத்ததாக நின்றவர் இவர். அதனால் இந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது, யாருடைய பெயரையும் எந்த அதிகாரிக்கும் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரன் எங்கள் காரை இடித்துவிட்டுப் போனபோதுகூட இவர் பொலிசுக்குச் சொல்லவில்லை. அந்த மனுசனை, கட்டின பெண்சாதி நான், போனில் காட்டிக்கொடுப்பதா?

அதனால் நான் அந்தக் கடைக்காரனிடம் போனேன். புதன்கிழமை வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, பஸ் எடுத்து, மெட்ரோ எடுத்து, மொன்றியல் தீவை அரைச்சுற்றுச் சுற்றி லவாலில் இறங்கி, மறுபடியும் பஸ். போகிற வழியெல்லாம் சொல்லவேண்டியதைப் பிரெஞ்சில் பாடமாக்கினேன். எனக்குத் தெரிந்தது கார்டெரிப் பிரெஞ்சு. சாப்பிடு, ஓடாதே, கை கழுவு.

கடை நிறைய ஆட்கள். எல்லாரும் ஊரில் பேக்கரி வாசலில் பாணுக்கு நிற்பதுபோல நின்றார்கள். சுவர் முழுக்கத் துப்பாக்கி. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதுக்குள் என்னவோ கூவியது. இந்தச் சாமான்களுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்து, முப்பது வருடம் கழித்து அதே சாமானுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறேன் என்று நினைக்க வியர்த்துக் கொட்டியது. கடைக்காரன் ஐம்பது வயது மதிக்கத்தக்க தடித்த ஆள், ஒரு கையில் விலைத்துண்டு ஒட்டுகிற மெசின். என் முறை வந்ததும் போனில் இவருடைய படத்தைக் காட்டினேன். "ஆ, சனிக்கிழமை மிஸ்யூ!" என்று சிரித்தான்.

"ப்ளு ஷேர், சில் வூ ப்ளே" என்றேன். இன்னும் கூட விலை, தயவுசெய்து.

அவனுக்கு விளங்கவில்லை. குறைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, ஏற்கெனவே குறைத்துவிட்டேன் என்று விரலைக் காட்டினான். நான் தலையை ஆட்டி மறுத்து, கையை மேலே மேலே தூக்கிக் காட்டினேன். "ப்ளு ஷேர்! ப்ளு ஷேர்!" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெசினைப் பிடுங்கி அவன் நெற்றியில் ஒரு விலையை ஒட்டியிருப்பேன்.

"பா பூர் ஷாஸ்" என்றேன். வேட்டைக்கு இல்லை. பிறகு இவருடைய படத்தில் விரலை வைத்து, "பூர் லுய்" என்றேன். அவருக்கு. அதற்கு மேல் என்னிடம் பிரெஞ்சு இல்லை. தேவையும் இருக்கவில்லை.

அவன் முகம் மாறிவிட்டது. மெசினைக் கீழே வைத்தான். என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அவன் சொன்னது எனக்கு இவ்வளவுதான் விளங்கியது: நான் உன் கணவனுக்கு விற்கமாட்டேன், நூறு டொலருக்கும் விற்கமாட்டேன், ஆயிரத்துக்கும் விற்கமாட்டேன். ஆனால் இப்படிக் கடை இன்னும் எத்தனையோ இருக்கிறது. நீ அழைக்க வேண்டும், மேடம். ஒரு துண்டில் அவன் எழுதித் தந்தது, எங்கள் ஃபைலில் கிடந்த அதே எண். தந்துவிட்டுத் திரும்பிப் போய், அடுத்து நின்றவனுக்கு அதே துப்பாக்கியைத் தொள்ளாயிரத்துக்கு விற்றான். அவனை வாழ்த்துவதா சபிப்பதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மெட்ரோ நிலையத்தில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அழைத்தேன். தமிழ் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர், பெண்பிள்ளை, இணைந்தாள். "சொல்லுங்கோ அக்கா, ஆறுதலாச் சொல்லுங்கோ" என்று எங்கள் ஊர்த் தமிழ் காதில் விழுந்ததும் எனக்கு இன்னும் பயம் பிடித்தது. யாருடைய பிள்ளையோ, எந்தக் கலியாண வீட்டில் என்னைக் கண்டவளோ! வைத்துவிடுவோமா என்று இருந்தது. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவள் இங்கிலீசில் சொன்னாள். மொழிபெயர்க்கிறவர்கள் 'இவள் சொல்கிறாள்' என்று சொல்வதில்லை, நானாகவே சொல்வார்கள். "என் கணவர் சாகப் பார்க்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது" என்று எங்கோ இருக்கிற யாரோ ஒரு பெண், என் புருசனைத் தன் புருசன் என்று சொல்லிக்கொண்டு, குரல் நடுங்கச் சொன்னாள். அதைக் கேட்டுத்தான் எனக்கு அழுகை வெடித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பெண் பொலிசும் ஒரு ஆண் பொலிசும் வந்தார்கள். மரியாதையாகக் கதைத்தார்கள். வீட்டில் துப்பாக்கி இல்லை என்று உறுதிசெய்து, உரிம அட்டையை வாங்கிக்கொண்டார்கள். வைத்தியரோடு கதைக்கத் திங்கட்கிழமைக்கு ஒரு நேரம் எடுத்துத் தந்தார்கள். இவர் எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ்" என்றார். கைகள் இரண்டும் துடையோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. வரிசையில் நிற்கிற ஆள் நிற்பதுபோல நின்றார். நான் குசினிக் கதவடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீயோ?"

தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. அவரும் என் தலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே இறங்கிப் போனார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. பின்னேரமும் வரவில்லை. நான் படிக்கட்டின் மேல்படியில் இருந்து, கீழே இருமல் கேட்கிறதா, கதிரை அசைகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சனிக்கிழமை காலை. அவர் வழக்கமாக லவாலுக்கு வெளிக்கிடுகிற நேரம். என்ன செய்வதென்று தெரியாமல் மாவைக் குழைத்து, தேங்காய்த் துருவலுக்குச் சர்க்கரை போட்டு, மோதகம் பிடிக்கத் தொடங்கினேன். கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. படியேறுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். முகம் வழித்து, அந்த நல்ல சேர்ட்டைப் போட்டிருந்தார். கையில் கார்த் திறப்பு கிலுங்கியது. எனக்கு மாவு கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன இது, நாள் திருநாள் இல்லாமல்?" என்றார்.

பயம் முற்றினால் எனக்குக் கோபம்தான் வரும். வீடு அதிரச் சத்தம் போட்டேன். "நேர்த்தி! அந்தக் கொள்ளைக்காரன் துப்பாக்கி விலையைக் கூட்டவேணும் எண்டு பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சனான். நீங்கள் வாங்கேலாமல் வரவேணும் எண்டு. கிழமைக்குக் கிழமை அதைத்தான் கேட்டனான். காட்டிக்குடுத்தவள் எண்டு சொல்லுறதெண்டா சொல்லுங்கோ. உங்களைச் சாகக் குடுக்க என்னாலை ஏலாது!"

அவர் கதிரையை இழுத்து மெல்ல இருந்தார்.

"நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனனான்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"ஒவ்வொரு சனியும் லவால் பாலத்திலை போகேக்கை, இண்டைக்கும் ஏத்தியிருக்கவேணும், ஏத்தியிருக்கவேணும் எண்டு கும்பிட்டுக்கொண்டுதான் போறனான். ஏத்தியிருந்தா அப்பாடா எண்டு திரும்பி வாறது. இன்னும் ஒரு கிழமை இருக்கலாம் எண்டு. போன கிழமை குறைக்கிறன் எண்டான். எனக்குக் கை கால் விறைச்சுப்போச்சு."

"பிறகேன் போனனீங்கள்? போகாமல் இருந்திருக்கலாமே!"

"அதுதான் எனக்கும் தெரியேல்லை" என்றார். "இண்டைக்கும் வெளிக்கிட்டிட்டன், பார்."

தன் சேர்ட்டைத் தானே குனிந்து பார்த்தார். அந்த உடம்பு தன்னுடையதில்லை என்பதுபோலப் பார்த்தார். பிறகு கார்த் திறப்பை மாவுச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"இதை எடுத்து எங்கையாவது வை" என்றார். "எங்கை வைச்சனீ எண்டு நான் கேட்டாலும் சொல்லாதை."